சான் ஃபெர்னாண்டோ பள்ளத்தாக்குக்குக் குடி போறோம், அந்த ஊர் ஜனங்க எப்படி?

குடிமாறுபவன்

வணக்கம். எட்டு வருஷமா லாஸ் ஏஞ்சலஸ்ல கல்வர் சிட்டி பக்கம் வாடகைக்கு இருக்கோம், நான், வீட்டம்மா, ஆறு வயசுப் பொண்ணு. இப்போ ஆபீஸ் பள்ளத்தாக்குல இருக்கற உட்லண்ட் ஹில்ஸுக்கு மாறிடுச்சு, தினமும் 405 ஃப்ரீவேல ஏறி செபுல்வேடா கணவாயைத் தாண்டிப் போய்ட்டு வர்றதுக்குள்ள உசுரு போகுது, வாடகையும் ஏத்திட்டாங்க, அதனால அங்கயே ரெசீடாவுல ஒரு பழைய வீடு பாத்திருக்கோம். மூணு ரூம், பின்னாடி நல்ல பெரிய தோட்டம், ரெண்டு மூணு பழ மரம் கூட இருக்கு.

விஷயம் என்னன்னா, யார்கிட்ட சொன்னாலும் முதல்ல முகத்தைச் சுளிக்கிறாங்க. "அங்கயா போறே, அது ஊரே இல்லப்பா, நீள நீளமா ரோடும் ஸ்ட்ரிப் மாலும்தான், வெயில் கொளுத்தும், ஜனங்க தன் வீடு தன் காருன்னு இருப்பாங்க, பக்கத்து வீட்டுக்காரன் பேரு கூடத் தெரியாது"ன்னு. இப்படிச் சொல்றவங்கள்ல பாதிப் பேர் அந்தப் பக்கம் இறங்கி நடந்ததே இல்ல, அதான் மனசு கேக்கல. ஸ்கூல் ரேட்டிங், வீட்டு விலை எல்லாம் நெட்லயே கிடைக்குது, அது வேண்டாம். அங்க இருக்கற மனுஷங்க எப்படி, அதை மட்டும் இருக்கறவங்க யாராவது சொல்லுங்க.

இங்க எல்லாரும் 'தி வேலி'ன்னுதான் சொல்றாங்க, தமிழ்ல எழுதினா முள்வேலி மாதிரி படிக்குது, அதனால நான் பள்ளத்தாக்குன்னே எழுதறேன்.

நார்த்ரிட்ஜ்_அக்கா

தம்பி, நான் 1991ல இங்க வந்தேன், இன்னிக்கு வரைக்கும் அதே தெரு. முதல்ல ஒண்ணு புரிஞ்சுக்கோங்க, இது ஒரு ஊர் இல்ல. 260 சதுர மைல், கிட்டத்தட்ட 18 லட்சம் ஜனம். பர்பேங்க், கிளெண்டேல், சான் ஃபெர்னாண்டோ, கலபாசஸ், ஹிடன் ஹில்ஸ் இந்த அஞ்சும் தனித்தனி நகராட்சி, மீதி பெரும்பாலும் லாஸ் ஏஞ்சலஸ் மாநகராட்சிக்குள்ள. ஆனா இங்க ஒருத்தர்கிட்ட எந்த ஊருன்னு கேட்டுப் பாருங்க, முதல்ல ரெசீடான்னோ டார்சானான்னோ சொல்வாங்க, அப்புறம் பள்ளத்தாக்குன்னு சொல்வாங்க, லாஸ் ஏஞ்சலஸ்ங்கற பேரு மூணாவதாத்தான் வாயில வரும்.

பக்கத்து வீட்டுக்காரன் பேரு தெரியாதுன்னு சொன்னாங்களா? எங்க வலது பக்கத்து வீட்டுப் பெரியவர் கனோகா பார்க்ல இருந்த ராக்கெட்டைன் கம்பெனில வேலை பாத்தவர், சந்திரனுக்குப் போன ராக்கெட்டோட எஞ்சின் அங்கதான் செஞ்சாங்க, சாண்டா சுசானா மலை மேல டெஸ்ட் பண்ணும்போது ராத்திரில ஜன்னல் கண்ணாடி எல்லாம் அதிரும்னு சொல்வாரு. இடது பக்கம் ஈரான்லேர்ந்து வந்த ஆர்மீனியக் குடும்பம். எதிர் வீடு எல் சல்வடோர். எங்களுக்குள்ள பேச்சு ஆரம்பிச்சதே பழத்துலதான். இங்க ஒரு மரம் காய்ச்சா ஒரு குடும்பத்தால தின்னு முடிக்க முடியாது, அதனால எலுமிச்சை இந்த வீட்டுக்குப் போகும், பெர்சிமன் அந்த வீட்லேர்ந்து வரும், மாதுளை வேலிக்கு மேலயே கை மாறும்.

ஆனா பேச்சு உறவா மாறினது 1994 ஜனவரி 17. விடிகாலை 4:31. நார்த்ரிட்ஜ் பூகம்பம்னு பேரு, மையம் உண்மையில உங்க ரெசீடாவுக்குக் கீழதான். நான் கட்டில்லேர்ந்து எழுந்திரிக்கல, தூக்கி எறிஞ்சுது. கிச்சன்ல இருந்த அத்தனை கண்ணாடியும் தரையில, வாட்டர் ஹீட்டர் சாஞ்சு கேஸ் வாசனை. எனக்கு என்ன பண்றதுன்னே தெரியல, கையில ஒன்றரை வயசுப் பையன், வீட்டுக்காரர் ஊர்ல இல்ல. அந்தப் பெரியவர் கையில டார்ச்சும் ரெஞ்சுமா இருட்டுல ஓடி வந்து, எங்க கேஸை மூடிட்டு, அப்படியே தெரு முழுக்க வீடு வீடாப் போய் மூடிட்டு வந்தாரு. நகரம் முழுக்க கரண்ட் இல்ல. அன்னிக்குத்தான் இந்த ஊர் மேல அவ்வளவு நட்சத்திரம் இருக்குங்கறதையே பாத்தேன். மூணு நாள் எல்லாரும் முன் புல்தரையிலதான் படுத்தோம், ஃப்ரீசர்ல இருந்த இறைச்சி உருக ஆரம்பிச்சதும் ஆளாளுக்கு கிரில்லை வெளிய இழுத்துட்டு வந்து தெருவுக்கே சமைச்சாங்க, நான் சுத்த சைவம்னு தெரிஞ்சதும் ஆர்மீனிய வீட்டு அம்மா எனக்குன்னு தனியா கத்திரிக்காய் சுட்டுக் கொடுத்தாங்க. எங்க வீட்லேர்ந்து கொஞ்ச தூரத்துல ஒரு அபார்ட்மெண்ட்ல மேல் மாடி கீழ் மாடி மேல உக்காந்து 16 பேர் போய்ட்டாங்க. அந்த வழியா இன்னிக்கும் போகும்போது நான் காரை மெதுவாத்தான் ஓட்டுவேன்.

தன் வீடு தன் காருன்னு இருக்கறவங்க இவங்க இல்ல தம்பி. தைரியமா வாங்க.

மலைக்கு_அந்தப்பக்கம்

அக்கா எழுதினதைப் படிச்சு எனக்கே கண்ணு கலங்கிடுச்சு, அதுல மாற்றுக் கருத்து இல்ல. ஆனா கேட்டவர் மனுஷங்க எப்படின்னு கேட்டிருக்காரு, அப்போ இன்னொரு பக்கத்தையும் சொல்லணும். ரெண்டாம் உலகப் போருக்கு அப்புறம் இங்க ஆரஞ்சு, வால்நட் தோப்பையெல்லாம் அழிச்சு லட்சக்கணக்குல வீடு கட்டினாங்களே, அதுல ஏகப்பட்ட பத்திரத்துல வெள்ளைக்காரங்க தவிர யாருக்கும் விக்கக் கூடாதுன்னு ஷரத்து இருந்துச்சு, 1948ல சுப்ரீம் கோர்ட் அந்த ஷரத்தைக் கோர்ட் மூலமா அமல்படுத்த முடியாதுன்னு சொன்ன பிறகும் புரோக்கர்கள் வாய்மொழியா அதையே நடத்தினாங்க. அப்புறம் 1978ல ஸ்கூல்ல இனப் பிரிவினையைப் போக்க பிள்ளைங்களை பஸ்ல ஏத்தி மாத்தி அனுப்பணும்னு கோர்ட் உத்தரவு வந்தப்போ அதை எதிர்த்துக் கூட்டம் கூட்டமா நின்னது இந்தப் பள்ளத்தாக்குப் பெற்றோர்தான், 1981ல அது நின்னே போச்சு. அதே 1978ல சொத்துவரியை மதிப்புல ஒரு சதவீதத்துக்கு மேல போகாமக் கட்டிப்போட்ட புரோபொசிஷன் 13னு ஓட்டெடுப்புல வந்த சட்டம், அதுக்கும் பெரிய பலம் இங்க இருந்த வீட்டு உரிமையாளர் சங்கங்கள்தான். வீட்டை வாங்கின விலையை வச்சுத்தான் வரி, அதனால பழைய ஆளுங்களுக்கு வரி அதிகம் ஏறாது, பொதுப் பள்ளிக்கூடத்துக்கு வர்ற பணம் சுருங்கும், புதுசா வாங்கறவன் பல மடங்கு கட்டுவான். 2002ல நாங்க தனி நகரமாப் போறோம்னு ஓட்டெடுப்பே நடத்தினாங்க.

தெருவுக்குள்ள அன்பா இருப்பாங்க, சரி. தெருவைத் தாண்டினா கதவைச் சாத்திக்குவாங்க. நான் பாத்த வரைக்கும் அதுதான் இந்த ஊர் குணம்.

பக்கோய்மா_நர்ஸ்

ரெண்டு பேருமே எந்தப் பள்ளத்தாக்கைப் பத்திப் பேசறீங்கன்னு எனக்குப் புரியல. நான் பக்கோய்மாவுல பதினோரு வருஷமா இருக்கேன், பனோரமா சிட்டில ஒரு ஆஸ்பத்திரில நைட் ஷிப்ட். என் கூட வேலை பாக்கறவங்க பாதிப் பேர் ஃபிலிப்பினோ, மீதி மெக்ஸிகோ, குவாத்தமாலா, ஆர்மீனியா, நான் ஒருத்தி தமிழ்.

மலைக்கு அந்தப்பக்கம் சார் சொன்ன அந்த ஷரத்து இருக்கே, அதோட மறுபாதி எங்க ஏரியா. மத்த இடத்துல வீடு தர மாட்டேன்னு விரட்டின கறுப்பினக் குடும்பங்களும் மெக்ஸிகன் குடும்பங்களும் வாங்க முடிஞ்ச ஒரு சில இடத்துல பக்கோய்மாவும் ஒண்ணு. ராக் பாடகர் ரிச்சி வாலன்ஸ் இங்க வளர்ந்த பையன், 17 வயசுல பிளேன் விபத்துல போய்ட்டாரு, இன்னிக்கும் அவர் முகம் இங்க சுவத்துல வரைஞ்சிருக்கும், அவர் பேர்ல பார்க் இருக்கு. பள்ளத்தாக்கு ஜனங்கன்னா வசதியானவங்க, கதவைச் சாத்திக்கறவங்கன்னு நீங்க சொல்லும்போது எங்களைக் கணக்குலயே சேத்துக்கல சார். அந்தக் கதவுக்கு வெளிய நின்னவங்களும் இதே பள்ளத்தாக்குக்காரங்கதான்.

எங்களைச் சுத்தி 5, 118, 210ன்னு மூணு ஃப்ரீவே. ஊர் நடுவுல குட்டி விமானங்களுக்கான ஒயிட்மேன் ஏர்போர்ட். புகை, சத்தம் எல்லாம் எங்க பங்கு. வான் நைஸ்ல ஜெனரல் மோட்டார்ஸ் ஃபேக்டரி 1947லேர்ந்து ஓடுச்சு, 1992ல மூடினாங்க, அதுல யூனியன் சம்பளத்துல வீடு வாங்கின குடும்பங்க எத்தனையோ இங்க இருக்கு. என் வீட்டுக்காரம்மாவோட அப்பா அந்த லைன்ல கேமரோ கார் செஞ்சவரு, மூடின அப்புறம் ரெண்டு வேலை பாத்துத்தான் வீட்டைக் காப்பாத்தினாரு. இப்போ அதே வீட்ல மூணு தலைமுறை, கராஜை ரூமா மாத்தி மகன், பின்னாடி நான் வாடகைக்கு. நான் ஷிப்ட் முடிஞ்சு காலைல வர்றப்போ தெரு முனைல அம்மா ஒருத்தங்க அண்டாவுல தமாலே (சோள மாவுப் பலகாரம்) வித்துட்டு இருப்பாங்க, நான் வாங்காம நேரா வீட்டுக்குப் போனா "உடம்பு சரியில்லையா"ன்னு மறுநாள் கேப்பாங்க. எனக்கு ஸ்பானிஷ் வந்ததே அவங்ககிட்டதான்.

குடிமாறுபவன்

எல்லாருக்கும் நன்றி, இவ்வளவு வரும்னு எதிர்பாக்கல. ஒண்ணு மட்டும் கேக்கறேன், ஒரே மாநகராட்சிக்குள்ள இருந்துக்கிட்டு தனியாப் போறோம்னு ஏன் கேட்டாங்க? அப்படி என்ன கோபம்?

தண்ணிக்_கதைக்காரன்

இதுக்குப் பதில் சொல்லணும்னா தண்ணிலேர்ந்து ஆரம்பிக்கணும். இந்த மண்ணுல முதல்ல இருந்தது டடாவியம், டோங்வா பழங்குடி மக்கள், 1797ல ஸ்பானியப் பாதிரியார்கள் மிஷன்னு ஒரு மதக் குடியிருப்பு கட்டி அவங்களை உள்ள இழுத்தாங்க, அந்தச் சந்ததியினர் இன்னிக்கும் சான் ஃபெர்னாண்டோவுல இருக்காங்க. அப்புறம் ஆடு மாடு, கோதுமை. 1909ல ஒரு நிலக் கம்பெனி இங்க 47,500 ஏக்கரை மொத்தமா வாங்குச்சு, அதுல எல்.ஏ. டைம்ஸ் பத்திரிகை முதலாளி ஹாரிசன் கிரே ஓடிஸும் அவர் மருமகன் ஹாரி சாண்ட்லரும் பங்குதாரர். தண்ணி வரப்போகுதுன்னு தெரிஞ்சு வாங்கின நிலம். நகரத்தோட தண்ணி எஞ்சினியர் வில்லியம் மல்ஹாலண்ட், தூரத்துல இருக்கற ஓவன்ஸ் பள்ளத்தாக்குலேர்ந்து 233 மைல் கால்வாய் வெட்டிக் கொண்டு வந்தாரு, ஒரு பம்பு கிடையாது, மேட்லேர்ந்து பள்ளத்துக்கு ஓடி வர்ற தண்ணி. 1913 நவம்பர் 5, சில்மார் மலைச்சரிவுல தண்ணி கொட்டுச்சு.

ஆனா அந்தத் தண்ணி லாஸ் ஏஞ்சலஸ் நகரத்துக்குச் சொந்தம். விவசாயிக்கு வேணும்னா நகரத்தோட சேரணும். 1915ல ஓட்டுப் போட்டு பள்ளத்தாக்கோட பெரும்பகுதி சேந்துச்சு. சான் ஃபெர்னாண்டோ ஊர்கிட்ட சொந்தக் கிணறு இருந்துச்சு, அது சேரல, அதனாலதான் இன்னிக்கும் அது நாலு பக்கமும் லாஸ் ஏஞ்சலஸ் சூழ்ந்த தனி ஊர். ஆக இவங்க மனசு ஒட்டிச் சேரல, தாகத்துக்குச் சேந்தாங்க. தண்ணிய இழந்த ஓவன்ஸ் ஜனங்க பட்ட பாடு தனிக் கதை, அவங்க 1924லயும் 1927லயும் கால்வாயை டைனமைட் வச்சு உடைச்சாங்க, அவங்க ஏரி வத்தி தூசியாப் போச்சு. நாம தோட்டத்துக்கு விடற தண்ணில அந்தக் கணக்கும் இருக்கு, அதை நான் மறக்கறதில்ல.

சேந்ததுலேர்ந்து இங்க இருக்கறவங்க புலம்பல் ஒண்ணுதான்: வரி எங்ககிட்ட வாங்கறீங்க, ரோடு, போலீஸ், ரயில் எல்லாம் மலைக்கு அந்தப் பக்கம் போடறீங்க. சப்வே இங்க வந்தது 2000ல, அதுவும் நார்த் ஹாலிவுட்ல ஒரு ஓரத்துல ஒரு ஸ்டேஷன், யூனிவர்சல் சிட்டில ஒண்ணு. 2002ல ஓட்டு நடந்தப்போ பள்ளத்தாக்குல பாதிக்குக் கொஞ்சம் மேல பிரிவுக்கு ஆதரவு, ஆனா நகரம் முழுக்கவும் ஆதரவு வேணும்னு விதி, அங்க மூணுல ரெண்டு பங்கு வேண்டாம்னு போட்டாங்க. அது நடந்த தேதி என்ன தெரியுமா, நவம்பர் 5. தண்ணி வந்த அதே தேதி, சரியா 89 வருஷம் கழிச்சு.

கோபம்னு மட்டும் அதைப் பாக்காதீங்க. நம்மள யாரும் கண்டுக்கலைங்கற ஏக்கமும் அதுல பாதி. நான் அப்போ பிரிவுக்கு எதிராத்தான் இருந்தேன், ஆனா கேட்டவங்க எல்லாரும் கெட்ட எண்ணத்துல கேட்டாங்கன்னு சொல்ல மாட்டேன்.

மலைக்கு_அந்தப்பக்கம்

பக்கோய்மா மேடம், நீங்க சொன்னது சரி, நான் எழுதினது தப்பு. நான் பள்ளத்தாக்குன்னு மனசுல வச்சிருந்தது வென்சுரா புலவார்டை ஒட்டின தெற்கு ஓரத்தை மட்டும். மன்னிச்சுக்கோங்க.

ஆனா ஒண்ணு, இங்க பேரை மாத்தற பழக்கம் ஒண்ணு இருக்கு, அது எனக்கு இன்னமும் உறுத்துது. கனோகா பார்க்கோட மேற்குப் பகுதி 1987ல நாங்க இனிமே வெஸ்ட் ஹில்ஸ்னு பிரிஞ்சாங்க. வான் நைஸ்லேர்ந்து ஒரு துண்டு ஷெர்மன் ஓக்ஸ் ஆச்சு. வீடு அதே வீடு, தெரு அதே தெரு, பக்கத்துல ஏழைங்க இருக்கற பேரு மட்டும் வேண்டாம்.

நார்த்ரிட்ஜ்_அக்கா

அது உண்மைதான். எங்க தெருவுலயே கொஞ்ச வருஷம் முன்னாடி மெயின் ரோட்டுல நாலு மாடி அபார்ட்மெண்ட் வரப் போகுதுன்னதும் கையெழுத்து வாங்கிட்டு வந்தாங்க, பூகம்பத்தப்போ ஒரே அடுப்புல சாப்பிட்ட அதே ஜனங்க. நானும் போட்டேன். பூகம்பத்தப்போ என் கையில இருந்த பையனுக்கு இப்போ முப்பது தாண்டியாச்சு, நல்ல வேலை, மருமக டீச்சர், ரெண்டு பேர் சம்பளத்துலயும் இங்க ஒரு வீடு வாங்க முடியல. பின்னாடி தோட்டத்துல சின்ன வீடு ஒண்ணு கட்டி அவங்களை வச்சிருக்கேன், அதுக்கு ரெண்டு ஆரஞ்சு மரத்தை வெட்ட வேண்டியதாப் போச்சு. அன்னிக்கு அந்தக் கையெழுத்தைப் போட்டிருக்கக் கூடாதுன்னு தோணிட்டே இருக்கு. வீடு வேணும்னு வந்தவங்கதானே நாங்க எல்லாரும்.

மேட்டடோர்_21

நான் கால் ஸ்டேட் நார்த்ரிட்ஜ்ல படிக்கறேன், கனோகா பார்க்லயே பிறந்து வளர்ந்தவ, தமிழ் டைப்பிங் இப்பதான் பழகறேன், தப்பிருந்தா சொல்லுங்க. பள்ளத்தாக்குப் பொண்ணுன்னு சொன்னா இன்னமும் 1980கள்ல பரவின அந்த கேலிதான் எல்லார் மனசுலயும் வருது, மால்ல சுத்திட்டு, ஒவ்வொரு வாக்கியத்தையும் கேள்வி மாதிரி இழுத்துப் பேசற பொண்ணு. இன்டர்வ்யூல என் பேச்சைக் கேட்டுட்டு ஒருத்தர் சிரிச்சிருக்காரு, அது எனக்கு வலிச்சுது.

என் கிளாஸ்ல வந்து பாருங்க. வீட்ல ஸ்பானிஷ், ஆர்மீனியன், ஃபார்சி, டகாலோக், ஹீப்ரு பேசறவங்க எல்லாரும் ஒரே பெஞ்ச்ல, அத்தனை பேரும் இங்கிலீஷை ஒரே மாதிரி இழுத்துத்தான் பேசுவோம், அந்த இழுப்புதான் எங்க எல்லாருக்கும் பொதுவான ஒரே விஷயம். பாதிப் பேர் குடும்பத்துல முதல்முதலா காலேஜ் வந்தவங்க, ராத்திரி வேலைக்குப் போய்ட்டு வர்றவங்க. இந்த காலேஜ்லதான் 1968ல கறுப்பின மாணவர்கள் நிர்வாகக் கட்டடத்தையே பிடிச்சு வச்சுப் போராடினாங்க, மறு வருஷம் சிகானோ படிப்புக்கு, அதாவது மெக்ஸிகன் அமெரிக்கர்களைப் பத்தின படிப்புக்கு, தனித் துறை வந்துச்சு. கேம்பஸ் ஓரத்துல பழைய ஆரஞ்சுத் தோப்பு ஒண்ணு விட்டு வச்சிருக்காங்க, பூ பூக்கற சமயத்துல அங்க உக்காந்துதான் நான் படிப்பேன்.

இன்னொண்ணு, நார்த் ஹாலிவுட் பக்கம் டுஹங்கா ஓடைக் கரைச் சுவத்துல ஜூடி பாக்கான்னு ஒரு ஓவியர் 1970கள்ல ஆரம்பிச்சு ஏரியாப் பசங்களை வச்சு அரை மைல் நீளத்துக்கு கலிஃபோர்னியா வரலாறு வரைஞ்சிருக்காங்க, அந்தப் பசங்கள்ல பலர் போலீஸ் கேஸ்ல மாட்டினவங்க. ஜூடி பாக்காவும் பக்கோய்மால வளர்ந்தவங்கதான். உங்க பொண்ணைக் கூட்டிட்டுப் போங்க அங்கிள்.

ரெண்டு_பஸ்

நான் கார் இல்லாதவன், அதனால இந்த ஊரை வேற மாதிரி பாக்கறேன். 2005ல பழைய ரயில் பாதை மேல பஸ்ஸுக்குன்னு தனி ரோடு போட்டாங்க, நான் அதுலதான் தினமும் வேலைக்கு. காலைல அஞ்சரை பஸ்ல பாருங்க, என்சீனோ வீடுகள்ல குழந்தை பாத்துக்கற அம்மாக்கள், ஸ்டூடியோல செட் போடற கார்பெண்டர், சமையல்காரங்க. எல்லாரும் தூங்கி வழிவாங்க, ஆனா யாரு எங்க இறங்கணும்னு எல்லாருக்கும் தெரியும், என்னையே எத்தனையோ தடவை தட்டி எழுப்பி இறக்கி விட்டிருக்காங்க.

வெயிலைப் பத்தி யாரும் சொல்லல. 2020 செப்டம்பர் 6ஆம் தேதி உட்லண்ட் ஹில்ஸ்ல 121 டிகிரி, செல்சியஸ்ல 49.4, இந்த கவுண்டிலயே அதுதான் ரெக்கார்டு. கடல் காத்தை மலை மறிச்சுடுது. வீட்ல ஏசி ஓடுதா, கூரைல இன்சுலேஷன் இருக்கான்னு பாக்காம கையெழுத்துப் போடாதீங்க. பஸ் ஸ்டாப்ல நிழல் இல்லாம நிக்கறவங்களைப் பாத்தா ஒரு தண்ணி பாட்டில் கொடுங்க, இங்க அதைப் பலரும் செய்வாங்க, எனக்கே கொடுத்திருக்காங்க.

கோயிலுக்கு உட்லண்ட் ஹில்ஸ்லேர்ந்து கலபாசஸ் பக்கம்தான், லாஸ் வர்ஜெனஸ் ரோட்ல வெங்கடாசலபதி கோயில், நம்ம ஜனங்க மாலிபு கோயில்னு சொல்றது அதைத்தான். சிவன் சந்நிதி கீழ தனியா இருக்கு. வாரக்கடைசில நார்த் ஹாலிவுட் தாய் புத்தர் கோயில்ல சாப்பாட்டுக் கடை போடுவாங்க, எல்லா நாட்டு ஜனமும் ஒரே பெஞ்ச்ல உக்காந்து சாப்பிடறதை ஒரு தடவையாவது பாருங்க.

குடிமாறுபவன்

ரெண்டு மாசம் கழிச்சு எழுதறேன். வந்துட்டோம். ரெசீடா வீடுதான், ஏசி மாத்தியாச்சு, ரெண்டு பஸ் அண்ணாவுக்கு நன்றி.

முதல் வாரம் யாருமே பேசல, முகம் சுளிச்சவங்க சொன்னதுதான் சரியோன்னு கொஞ்சம் கலக்கமா இருந்துச்சு. ரெண்டாவது சனிக்கிழமை காலைல கதவைத் திறந்தா வாசல்ல ஒரு பெரிய பை நிறைய கிரேப்ஃப்ரூட், பேரு இல்ல, சீட்டு இல்ல. பொண்ணு தெரு முழுக்க எந்த வீட்டுத் தோட்டத்துல கிரேப்ஃப்ரூட் மரம் இருக்குன்னு எட்டி எட்டிப் பாத்து மூணாவது வீடுன்னு கண்டுபிடிச்சா. குவாத்தமாலாக்காரப் பாட்டி ஒருத்தங்க, தனியா இருக்காங்க. இப்போ ஸ்கூல் விட்டதும் என் பொண்ணு நேரா அங்கதான் போறா. போன வாரம் ஜூடி பாக்கா சுவரையும் போய்ப் பாத்துட்டு வந்தோம், பாட்டியையும் கூட்டிட்டுப் போனோம்.

அக்கா, இன்னும் முப்பது பழம் மிச்சம் இருக்கு, கசப்பா இருக்கு, என்ன பண்றது?

நார்த்ரிட்ஜ்_அக்கா

தோலோட பொடியா நறுக்கி உப்பு போட்டு நாலு நாள் ஊற வைங்க, தினம் ஒரு தடவை கிளறி விடுங்க, அப்புறம் மிளகாய்ப்பொடி, வெந்தயப்பொடி, பெருங்காயம், நல்லெண்ணெய் தாளிச்சுக் கொட்டுங்க, நார்த்தங்காய் ஊறுகாய் மாதிரியே இருக்கும், கசப்பு தெரியாது. பாட்டிக்கு ஒரு பாட்டில் கொடுங்க, காரம் கம்மியா.

அப்புறம் தம்பி, முக்கியமா ஒண்ணு. கேஸ் மீட்டர் பக்கத்துலயே ரெஞ்ச் ஒண்ணு கயிறு போட்டுக் கட்டி வைங்க. பாட்டி வீட்டு மீட்டர் எந்தப் பக்கம் இருக்குன்னு பகல்லயே போய்ப் பாத்து வச்சுக்கோங்க.